மிஸ்ஸஸ் சாலமோனின் சனிக்கிழமைகள்

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற சாலையில், ஃபேர்லான்ஸ் கிளப் என்று ஒன்று இருந்தது. அதற்குள் கால் வைக்க வேண்டுமானால் முதலில் அந்தக் காலில் பூட்ஸ் இருக்க வேண்டும். அதற்கு மேலே கால்சட்டை இருக்க வேண்டும். அதற்கும் மேலே, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருடைய சிபாரிசு இருக்க வேண்டும். நாட்டை ஆளுகிற மந்திரிகளே வேட்டி கட்டிக்கொண்டிருந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில், வேட்டி கட்டியவர்கள் அந்தக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில்தான் நிற்கலாம். வெள்ளைக்காரன் கப்பலேறி இருபது வருஷம் ஆகிவிட்டது. போகிற அவசரத்தில் விதிப் புத்தகத்தை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். நம் ஆட்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காப்பாற்றி வந்தார்கள்.

மதுவிலக்குக் காலம். ஆனாலும் கிளப்பின் பின்பக்கத்தில் பர்மிட் ரூம் என்று ஓர் அறை உண்டு. குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள் மட்டும் அங்கே உட்கார்ந்து மருந்து சாப்பிடலாம். மாலை நான்கு மணி வெயிலில் மூன்று செட் டென்னிஸ் ஆடுகிற தடியர்களெல்லாம் ஆறு மணிக்குத் தீராத நோயாளிகளாகி அந்த அறைக்குள் போவார்கள். ஒன்பது மணிக்கு இன்னும் மோசமான நோயாளிகளாக வெளியே வருவார்கள்.

இந்த மகா க்ஷேத்திரத்துக்குத்தான் ரத்தினபாய் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தாள். மேற்குத் தாம்பரத்தில் அண்ணன் வேதசிரோமணியின் வீட்டில் பின்னறை ஒன்றும், அதில் ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு கட்டிலும் அவளுக்கு என்று இருந்தன. மாப்பிள்ளை பார்த்துக் களைத்த அண்ணன், நான்கைந்து வருஷத்துக்கு முன்பே கர்த்தர் சித்தம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டான். கர்த்தருக்குத்தான் எத்தனை வேலை!

அப்படி இருக்கும்போது கோவில் பாடகர் குழுவில் சாலமோன் வந்து சேர்ந்தார். கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்ட். ஐம்பத்துமூன்று வயது, கட்டைக் குரல், மடிப்புக் கலையாத கோட்டு, பழைய மோரிஸ் மைனர் கார். மனைவி எமிலி பாக்கியம் அறுபத்தைந்தாம் வருஷம் பாளையங்கோட்டையில் தாய் வீட்டுக்குப் போன இடத்தில் காலமாகிவிட்டாள். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் மனிதர் ரத்தினபாயிடம் வந்து, “சனிக்கிழமை சாயங்காலம் கிளப்புல தனியா உட்கார்ந்தா கட்லெட் தொண்டையில இறங்க மாட்டேங்குது, மிஸ் ரத்தினபாய். பேச்சுத் துணைக்கு நீங்க வந்தா நல்லா இருக்கும்” என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த காதல் வசனம் அது ஒன்றுதான். அதற்கே அவள் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைகளை அவள் அனுபவித்தாள், அதில் பொய் சொல்லிப் பயனில்லை. ஐந்தரை மணிக்குத் தெரு முனையில் கார் வந்து நிற்கும். தன் மெல்லிய வாயல் சேலையை, நாப்தலின் வாசனை போக, முந்தின நாளே காற்றாட விட்டிருப்பாள். கேட்டில் சாலமோன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு உடனே திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார். உள்ளே புல்வெளி. புல்வெளியில் பிரம்பு நாற்காலிகள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நான்காம் நம்பர் மேஜை சாலமோனுடையது. காற்று நேராக வரும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரையும் அங்கிருந்து பார்க்கலாம், அதைவிட முக்கியம், அவர்கள் எல்லாரும் நம்மைப் பார்க்கலாம். பேரர் யேசுதாசன் தலைப்பாகையும் இடுப்புப் பட்டையுமாக வந்து லைம் ஜூஸ் வைப்பான். அப்புறம் கட்லெட். அப்புறம் ஹௌஸி ஆட்டம். ஒருவர் நம்பரைக் கூவ, ஆபீசர் மனைவிமார்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு மெட்ரிக் பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். எட்டரை மணிக்குக் கேரமல் கஸ்டர்டு. அதில் ஸ்பூனை விட்டால் ஒரு சின்ன நடுக்கம் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்க்கும்போது, வாழ்க்கையில் தனக்கும் ஏதோ கொஞ்சம் கிடைத்துவிட்டது என்று ரத்தினபாய்க்குத் தோன்றும்.

சாலமோன் பேசுவார். ஸ்டோர்ஸில் போல்ட்டு நட்டுகள் காணாமற்போகிற விதம், தம் மேலதிகாரியின் மூடத்தனம், முட்டைக்கோஸ் தமக்கு ஒத்துக்கொள்ளாதது, இந்த மூன்றும்தான் அவருடைய விஷயங்கள். இரண்டு வருஷத்தில் நான்காவது விஷயம் வரவில்லை. ரத்தினபாய் “அப்படியா!” என்பாள். நூறு தடவை கேட்ட கதைக்கு நூற்றோராவது தடவையும் கண்ணை விரித்து “அப்படியா!” என்று சொல்வது லேசான வித்தை இல்லை. உபாத்தியாயினியாக இருந்ததால் அவளுக்கு அது கைவந்தது.

இதிலே அவளுக்கு நம்பிக்கை ஊட்டிய சங்கதி ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை அந்தப் புல்வெளி குடும்பஸ்தர்களுக்கு மட்டும். தனிக்கட்டைகளுக்குப் பின்கட்டில் பில்லியர்ட்ஸ் அறைதான். அங்கே ஜன்னலைத் திறந்தால் சமையற்கட்டுப் புகை. அப்படியிருக்க, சாலமோன் அவளைக் கூட்டிவந்து புல்வெளியில் உட்காரவைக்கிறார், யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுமட்டுமா? முதல் நாளிலிருந்தே கிளப்பில் அத்தனை பேரும் அவளை “மிஸ்ஸஸ் சாலமோன்” என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவளுக்குக் காது சிவந்துவிட்டது. காரில் திரும்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். “என்னை ஏன் அவங்க அப்படிக் கூப்பிடறாங்க?”

சாலமோன் கியரை மாற்றிக்கொண்டே சிரித்தார். “கிளப்புல அதுதான் வழக்கம். யார்கூட வர்றாங்களோ அவங்க பேரு. ஏன், உங்களுக்குப் பிடிக்கலையா?”

பிடிக்கவில்லையாவது! அந்தக் கேள்விக்குள் ஒரு கல்யாணமே ஒளிந்திருப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். நாற்பது வயதுக்கு மேல் மனசு இப்படித்தான், நெல்லிக்காயைக் கொடுத்தால் தோப்பையே எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

போன நவம்பரில் கிளப் பிரசிடெண்டின் சம்சாரம் மிஸ்ஸஸ் ஜீவரத்தினம், கோயம்புத்தூரில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், நேரே நான்காம் நம்பர் மேஜைக்கு வந்தாள். கண்ணாடி போடாவிட்டால் அவளுக்கு யானையும் பூனையும் ஒன்றுதான். ஆனால் கிளப்புக்கு வரும்போது கண்ணாடி போடமாட்டாள். ரத்தினபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “அடடே, மிஸ்ஸஸ் சாலமோன்! எப்படி இளைச்சுட்டீங்க! முன்னால எவ்வளவு சதை போட்டிருந்தீங்க! என்ன சாப்பிடறீங்க, சொல்லுங்களேன்” என்றாள்.

ரத்தினபாய் அந்த அம்மாளை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான் உபசாரமாகப் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, “கோதுமைக் கஞ்சி” என்றாள். சாலமோன் அவசரமாக யேசுதாசனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

கிளப்பில் நிலைமை இப்படி என்றால், மேற்குத் தாம்பரத்தில் வேறு மாதிரி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், செருப்பு மாட்டுகிற சாக்கில் நாலு பேர் நின்று கேட்பார்கள். “என்ன ரத்தினம், எப்போ ஓலை?” கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை சொல்பவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் படிப்பார். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ குட்டிப் பெண்களுக்கெல்லாம் ஓலை வாசித்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவை ஐயர் தாளைப் பிரிக்கும்போதும், அதில் தன் பேர் இல்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், ரத்தினபாய்க்கு நெஞ்சு ஒரு தடவை தப்பி அடிக்கும்.

அண்ணன் வேதசிரோமணி வாயைத் திறக்கமாட்டான். அவனுக்கும் சேர்த்து மனைவி தபீதாள் திறப்பாள். ஜனவரி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பின்னறையில் ரத்தினபாய் சேலையைக் கொடியில் போடும்போது தபீதாள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

“லெந்து நாள் வருது, தெரியுமா?”

“தெரியும் அண்ணி.”

“லெந்து நோன்பு நாப்பது நாளும் ஐயர் கல்யாணம் நடத்தமாட்டார். இந்த ஞாயிறு ஓலை விழுந்தாத்தான் அதுக்குள்ள முடியும். இல்லேன்னா ஈஸ்டர் தாண்டிப் போயிடும். ஈஸ்டர் தாண்டினா அவர் இன்னொரு ஈஸ்டர்னு சொல்லுவார். அவருக்கென்ன, ஆம்பிளை. நீ இலவு காத்த கிளியா உட்கார்ந்திருக்கே.”

“அவர் மனசுல இருக்கு அண்ணி. சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.”

“ரெண்டு வருஷமா கட்லெட் கேக்கத் தெரியுதில்ல?” என்றாள் தபீதாள். பிறகு குரல் இறங்கியது. “உங்கண்ணன் சொல்லச் சொன்னார். நாளைக்கு நீயே கேட்டுடு. ஆமான்னா ஞாயிறு ஓலை. இல்லேன்னா இனிமே அந்தக் கார் நம்ம தெரு முனையில நிக்கக் கூடாது. எனக்கும் பொம்பிளைப் பிள்ளை இருக்கு, ரத்தினம்.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்று இரவு ரத்தினபாய் கேட்க வேண்டிய கேள்வியை நாலைந்து விதமாக மனசுக்குள் எழுதி அடித்தாள். அவளுக்குக் கல்யாணம் வேண்டும். சாலமோன் வேண்டும். போல்ட்டு நட்டோடு, முட்டைக்கோஸோடு, அந்தக் கட்டைக் குரலோடு வேண்டும். ஒரு வீட்டில் தன் கையால் காபி போட்டு, தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டும். இதை வெளியே சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கும், ஆனால் உள்ளது அதுதான்.

மறுநாள் கிளப்பில் ஆண்டு விழா. மரத்துக்கு மரம் கலர் பல்பு. புல்வெளியின் கோடியில் ஒரு மேடை, மைக், மேடைமேல் பளபளவென்று ஏழெட்டுத் தட்டுகள். புது செக்ரட்டரி கஸ்தூரிரங்கனின் ஏற்பாடு. அவர் சர்க்காரில் தணிக்கை இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் போன வருஷம்தான் இங்கே வந்தவர். கிளப்பில் யாருக்கும் அவரைத் தெரியாது, அவருக்கும் யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. விதிப் புத்தகம் ஒன்று போதும் அவருக்கு. வெள்ளைக்காரனே மறந்துபோன நாற்பத்தேழாவது விதியை அவர் தூசி தட்டி எடுத்திருந்தார். மெம்பரின் மனைவி லேடி மெம்பராகப் பதிந்து பதினைந்து வருஷம் பூர்த்தியானால், அவளுக்கு ஒரு வெள்ளி முலாம் பூசிய தட்டு கொடுத்துக் கௌரவிக்க வேண்டும்.

ரத்தினபாய்க்குத் தட்டும் தெரியவில்லை, பல்பும் தெரியவில்லை. அவள் கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாலமோன் ஒரு புது மேலதிகாரியின் மூடத்தனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுகிற இடத்தில் அவள் புகுந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்களேன்.”

“வீட்டுல கேக்கறாங்க. நாளைக்கு ஞாயிறு... ஐயர்கிட்ட ஓலை...”

சாலமோன் லைம் ஜூஸை ஒரு முழுங்கு முழுங்கினார். “அதுக்கென்ன இப்ப அவசரம்? நல்லாத்தானே போயிட்டிருக்கு? அதெல்லாம் நிதானமாப் பேசணும். முதல்ல கட்லெட் வரட்டும்” என்று சொல்லி, யேசுதாசன் எங்கே என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அதற்குள் மைக் கொர்ரென்றது. கஸ்தூரிரங்கன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பெருத்த அம்மாள் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை நன்றி சொன்னாள். கைதட்டல் கேட்டது. நான்காவது பேர் வந்தது.

“மிஸ்ஸஸ் எமிலி பாக்கியம் சாலமோன்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு முதல் லேடி மெம்பர்!”

எல்லாரும் கை தட்டினார்கள். ரத்தினபாயும் தட்டினாள். செத்துப்போனவளைக்கூட மறக்காமல் கௌரவிக்கிறார்களே, எவ்வளவு பெரிய மனசு இவர்களுக்கு என்று அவளுக்குக் கண்ணில் நீர்கூடக் கோத்துக்கொண்டது. தட்டை வாங்கச் சாலமோன் எழுந்திருப்பார் என்று அவரைப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

கைதட்டல் நிற்கவில்லை. புல்வெளியில் உள்ள அத்தனை முகமும் நான்காம் நம்பர் மேஜைப் பக்கம் திரும்பியிருந்தன. அவளைத்தான் பார்த்தன. பக்கத்து மேஜையிலிருந்து மிஸ்ஸஸ் ஜீவரத்தினம், “போங்க, உங்களைத்தான்!” என்று முதுகில் தட்டினாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எமிலியின் பேரில் இருந்த பச்சை அட்டை. மிஸ்ஸஸ் சாலமோன். இளைத்துப் போனது. கோதுமைக் கஞ்சி. பிசிறில்லாமல் ஒவ்வொன்றாக விளங்கியது. இரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து கஸ்டர்டு தின்றது ரத்தினபாய் இல்லை. பழைய மெம்பர்களுக்கு எமிலி செத்தது தெரிந்திருக்கலாம். இவள் இரண்டாம் தாரம் என்று நினைத்திருப்பார்கள், கேட்பது நாகரிகமில்லை என்று விட்டிருப்பார்கள். புத்தகத்தில் மட்டும் எமிலி பாக்கியம் சாகவே இல்லை, வாராவாரம் வந்து லைம் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லவே இல்லையா, இவங்ககிட்ட?” என்று அவள் உதடு அசையாமல் கேட்டாள்.

சாலமோன் குனிந்து படபடவென்று பேசினார். “சொன்னா கார்டைப் பிடுங்கிக்கிட்டு என்னைப் பின்னால பில்லியர்ட்ஸ் ரூம்ல தள்ளியிருப்பாங்க. பதினஞ்சு வருஷமா இது என் டேபிள். சனிக்கிழமை லேடி கெஸ்ட்டும் விடமாட்டாங்க, உங்களையும் கூட்டிட்டு வந்திருக்க முடியாது. உங்களுக்காகவும்தான். இப்ப எழுந்திருங்க. சும்மா போய் வாங்கிக்கிட்டு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுங்க. எல்லாரும் பார்க்கறாங்க.”

அவள் அசையவில்லை.

“ஓலைதானே?” என்றார் சாலமோன். “நாளைக்கே குடுத்துடறேன். காலையில முதல் வேலையா ஐயரைப் பார்க்கறேன். சத்தியமா. கல்யாணம் ஆயிட்டா இதெல்லாம் தன்னாலே சரியாயிடும். கார்டுல பேரைக்கூட மாத்த வேண்டியதில்லை. எழுந்திருங்க, ப்ளீஸ்.”

இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. பொய் இல்லை. மனிதர் சொன்னால் செய்வார். எழுந்து இருபது அடி நடந்து, ஒரு முலாம் தட்டை வாங்கிக்கொண்டு, தேங்க்யூ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு ஓலை. செருப்பு மாட்டுகிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். தபீதாள் பாயசம் வைப்பாள். பின்னறைக் கட்டிலும் டிரங்குப் பெட்டியும் இனி இல்லை. நாற்பத்தொரு வயதில் இதை வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன ராணியா? அவள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேடையைப் பார்த்து நடந்தாள். சாலமோன் ஒரு பெருமூச்சு விட்டது அவளுக்குப் பின்னால் கேட்டது.

நடக்கும்போதுகூட வாங்கிவிடுவது என்றுதான் இருந்தாள். தட்டை நீட்டிய கஸ்தூரிரங்கன், தாளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, “எமிலி பாக்கியம்தானே?” என்றார்.

பேரைச் சொல்லிக் கேட்டால் அவளுக்குப் பொய் வராது. அது அவள் தொழில் செய்த கோளாறு. தட்டை வாங்காமல் மைக் பக்கம் திரும்பினாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு, மைக்கே தேவையில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். என் பேர் ரத்தினபாய். எமிலி பாக்கியம் அம்மா இன்னிக்கு வரல. அவங்க அறுபத்தஞ்சாம் வருஷம் ஜூலை மாசம் பாளையங்கோட்டையில கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டாங்க. சொல்ல நேரமாயிடுச்சு, மன்னிக்கணும். நான் பதினெட்டு வருஷமா வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுக்கறவ. வராத பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ‘உள்ளேன் டீச்சர்’னு குரல் குடுத்தா ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்திடுவேன். அதனால இந்தத் தட்டை நான் வாங்கக் கூடாது.”

பர்மிட் ரூம் நோயாளிகள் இரண்டு பேர் கையில் மருந்தோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். மிஸ்ஸஸ் ஜீவரத்தினத்தின் குரல்தான் முதலில் கேட்டது.

“அப்ப நீங்க இளைக்கவே இல்லையா?”

கஸ்தூரிரங்கன் மனிதர்களைப் பார்த்து ஆச்சரியப்படுகிற ஜாதி இல்லை. சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். “ரூல் பன்னெண்டு, உட்பிரிவு மூணு. மனைவி இறந்த முப்பது நாளுக்குள்ள கார்டைச் சரண்டர் பண்ணணும். மிஸ்டர் சாலமோன், இந்த நிமிஷத்திலிருந்து நீங்க சிங்கிள் மெம்பர். தயவுசெய்து பில்லியர்ட்ஸ் ரூமுக்குப் போயிடுங்க. மேடம், ஐயாம் சாரி, சனிக்கிழமை லேடி கெஸ்ட் கிடையாது.” பிறகு தட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஐந்தாவது பேரைப் படித்தார். கைதட்டல் மறுபடி ஆரம்பித்தது.

ரத்தினபாய் கேட்டைப் பார்த்து நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். எதற்கு மெதுவாக? சொன்னால் வெட்கக்கேடு. பின்னாலேயே அவர் எழுந்து வருவார் என்று அந்தப் பைத்தியக்கார மனசு இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது. திட்டட்டுமே. கோபித்துக்கொள்ளட்டுமே. “ரத்தினபாய், நில்லு” என்று அவள் பேரை அந்தப் புல்வெளியில் ஒரு தடவை உரக்கச் சொல்லட்டுமே. அது போதும், அவள் நின்றிருப்பாள். கார் சாவி அவர் பையில்தானே இருக்கிறது, வீட்டிலாவது கொண்டுவந்து விடமாட்டாரா? ஒரு விளக்கைத் தாண்டினாள். இன்னொரு விளக்கைத் தாண்டினாள். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

யேசுதாசனின் குரல் வந்தது. “சார், கட்லெட்டு சூடா கீது. இன்னா பண்ணட்டும்? இங்கியே வெக்கட்டா, உள்ள இட்டாரட்டா?”

அவள் அடுத்த விளக்கின் கீழே நின்றாள்.

“உள்ள கொண்டா” என்றார் சாலமோன். “ஸாஸ் மறந்துடாதே.”

அதற்கப்புறம் அவள் மெதுவாக நடக்கவில்லை. கேட்டைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். கேட் போட்டிருந்தான். பீச்சுக்குப் போகிற மின்சார ரயில் கடக்கிற வரை, அந்தச் சத்தத்தில், யாருக்கும் கேட்காமல் வாய்விட்டு அழுதாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் ஒருவன், “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? குந்து, வூட்டாண்ட வுட்டுடறேன்” என்றான். அவள் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் தபீதாள்தான் திறந்தாள். எட்டுகூட ஆகவில்லை, கார்ச் சத்தமும் இல்லை. அவள் ரத்தினபாயின் முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கேட்டியா? ஓலை குடுக்கறேன்னாரா?”

“குடுக்கறேன்னார். நாளைக்கேன்னார்.”

“ஸ்தோத்திரம்!” என்று தபீதாள் நெஞ்சில் கை வைத்தாள். “பின்னே ஏன்டி இப்படி வந்து நிக்கறே?”

“கார்டுல பேரை மாத்த வேண்டியதில்லைன்னும் சொன்னார், அண்ணி. பழைய பேரே இருக்கட்டுமாம்.”

தபீதாளுக்கு அது என்ன கார்டு என்று தெரியாது. ஆனால் பெண் பேச்சு பெண்ணுக்குப் புரியாமல் போகுமா? உள்ளே போய்த் தட்டைக் கழுவி வைத்து, குழம்பைச் சுடவைத்தாள்.

“சாப்பிட வா, ரத்தினபாய்” என்று முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள்.